ஒளிதல் கூட்டல் நாலு

ஜூன் 2, ஞாயிறு

காலையில் மோட்டார் ஓடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் மட்டும் ஏறவில்லை. வைத்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, மோட்டாரை ஒருமுறை சுற்றி நடந்து, "கெபாசிட்டரா இருக்கும் டீச்சர்" என்றான். கெபாசிட்டர் எங்கே இருக்கும் என்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எலக்ட்ரீஷியன் நாளைக்குத்தான் வருவாராம்.

வைத்தீஸ்வரன் வீட்டுக்காரம்மாவின் மகன். உறையூரில் இந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்கு நானும் என் கணவரும் குடிவந்தோம். இரண்டு வருடமாக நான் மட்டும். வைத்தி வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறான். ஞாயிறு மத்தியானம் மாடி ஹாலில் சிலர் கூடி ஏதோ விளையாடுவார்கள். கீழே கேட்டால் அடிதடி நடப்பது போல இருக்கும். இன்று அவன் மனைவி அகிலா வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், எங்க செட்டுல ஒருத்தர் ஓசூருக்கு மாத்தலாகிட்டாரு. ஆள் குறையுது. சும்மா வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் கதைன்னா உசுராச்சே."

போனேன். பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடும்போது "நான் அம்மா, நீ டாக்டர்" என்பார்கள் அல்லவா, அதேதான் இது. பெரியவர்கள் விளையாடுவதால் தடிமனான விதிப்புத்தகம் ஒன்று கூடுதல். வைத்தி கதையை நடத்துகிறான்: "நீங்க ஒரு ஆத்தங்கரையில நிக்கிறீங்க, எதிர்ல காவலாளி." மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். விளையாட்டின் பெயர் 'மூன்றாம் கரை'. வைத்தியே மூன்று வருடம் உட்கார்ந்து உண்டாக்கியது. அடுத்த மாதம் பெங்களூரில் ஒரு கூட்டத்தில் ஆடிக்காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்கப் போகிறானாம்.

மற்ற இருவரில் ஷர்மிளா பானு எனக்குத் தெரிந்தவள். பல் டாக்டர், என் கடைவாயைப் பார்த்துக்கொள்பவள். இன்னொருவர் டார்வின், நாகர்கோவில்காரர், கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறார்.

என் பாத்திரம் எந்த இனம் என்று பகடை உருட்டச் சொன்னார்கள். மூன்று விழுந்தது. அகிலா கையைத் தட்டினாள்.

"நிழலர்! டீச்சர், செம லக்கு உங்களுக்கு. ஒளிதல் கூட்டல் நாலு! நான் ரெண்டு வருஷமா இதுக்குத்தான் உருட்டறேன்."

வைத்தி புத்தகத்தைத் திறந்து படித்தான். நிழலர் ஊராரின் தீட்டுத்துணி வெளுப்பவர்கள். பகலில் பிறர் கண்ணில் படக் கூடாது. பட்டால், பார்த்தவருக்குத் தூய்மைப் புள்ளி ஒன்று குறையும். ஆகவே ஒளிந்து நடப்பதில் பிறவித் திறமைசாலிகள். பகடையில் எது விழுந்தாலும் அதோடு நாலைக் கூட்டிக்கொள்ளலாம்.

"இது நீங்களா யோசிச்சதா தம்பி?"

"இல்ல டீச்சர். பழைய காலத்துல நெஜமாவே இப்படி ஒரு ஜனம் இருந்திருக்கு. ஒரு புக்குல படிச்சேன். செம கான்செப்ட் இல்ல?"

பழைய காலம் என்றால் எவ்வளவு பழையது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் பாத்திரத்துக்குப் பெயர் கேட்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன்: அங்காயி.

"மண்ணோட மணம் இருக்கு டீச்சர்" என்றார் டார்வின். "எங்க பிடிச்சீங்க?"

ஒரு நல்ல ஏற்பாடும் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சுருக்குப்பை. அதில் ஒரு சோழி, ஒரு குன்றிமணி. டீ இடைவேளையில் ஒரு பானை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டுப் போட வேண்டும். எல்லாம் சோழியாக இருந்தால் ஆட்டம் தொடரும். ஒரு குன்றிமணி விழுந்தாலும், அதுவரை நடந்ததில் ஏதோ ஒன்று யாரோ ஒருவருக்கு நோகிறது என்று பொருள். ஆட்டம் அங்கேயே நிற்கும். யார் போட்டது, எதற்காக என்று கேட்கக் கூடாது. வேண்டுமென்றால் போட்டவரே வந்து சொல்லலாம். அடுத்த ஆட்டத்தின்போது அகிலா பைகளை மறுபடி நிரப்புவாள்.

என் முப்பத்தைந்து வருட ஆசிரியர் வேலையில் இவ்வளவு மரியாதையான விதியைப் பார்த்ததில்லை. இன்று ஐந்தும் சோழி.

ஜூன் 4, செவ்வாய்

கெபாசிட்டர்தான். மாற்றியாயிற்று. காலையில் மோட்டார் போடுவது கீழ்வீட்டுக்காரியான என் பொறுப்பு என்பதால், மாடியில் தண்ணீர் இல்லையென்றால் ஏதோ நான் குடித்துவிட்டது போலப் பார்க்கிறார் வைத்தியின் அம்மா.

அடுத்த ஞாயிறும் போவேன் என்று நினைக்கிறேன். இங்கே மத்தியானத்தில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசுகிறது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று மதகின் சாவியைத் திருட அங்காயியை ஊர்த்தலைவன் வீட்டுக்குள் அனுப்பினார்கள். அதற்கு முன் டார்வினின் துறவி ஒரு காவலாளியின் கழுத்தை அறுத்தார். (துறவிதான்.) தலைவன் குடித்துவிட்டு ஒரு சாராயப்பாட்டு பாடினான். வைத்தி நன்றாகவே பாடினான். ஷர்மிளா மேசையில் தாளம் போட்டாள்.

பிறகு என் முறை. பகடையில் இரண்டு விழுந்தது. நாலைக் கூட்டினால் ஆறு. போதாது. வெயில் ஏறிவிட்டது, தலைவனின் மனைவி அங்காயியைப் பார்த்துவிட்டாள். வைத்தி கண்ணைப் பொத்திக்கொண்டு பெண் குரலில் அலறினான்: "ஐயோ, என் கண்ணு போச்சே! பாவி, பகல்லயா வருவே!" பக்கத்தில் நின்ற பாத்திரங்களும் தூய்மைக்கு உருட்ட வேண்டுமாம். அகிலாவுக்கு ஒரு புள்ளி போயிற்று. "டீச்சர், பக்கத்துல வராதீங்க, தள்ளிப் போங்க!" என்று நாற்காலியை நகர்த்திச் சிரித்தாள்.

"இப்ப நீங்க தெருவுல நடந்து வெளிய போகணும் டீச்சர். நிழலர் பகல்ல நடந்தா கூவிக்கிட்டே நடக்கணும். அது விதி" என்றான் வைத்தி.

"என்னன்னு கூவணும்?"

"'கண்ண மூடிக்கங்க, நான் வர்றேன்'னு. சத்தமா டீச்சர், அப்பத்தான் ஃபீல் வரும்."

கூவினேன். முதல் சொல்லை இழுத்து, கடைசியில் குரலைக் கீழே இறக்கி. ஹாலில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு கைதட்டினார்கள்.

"டீச்சர்! இந்த நடிப்பெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் டார்வின்.

பள்ளி ஆண்டு விழாவில் என்றேன்.

டீ வந்தது. பானையும் வந்தது. அகிலா கவிழ்த்தாள். நாலு சோழி, ஒரு குன்றிமணி.

முழு மார்க் வாங்கிப் பழகிய பையனிடம் சிவப்புக்கோடு போட்ட விடைத்தாளைக் கொடுத்தால் முகம் எப்படி ஆகும்? வைத்திக்கு அப்படி ஆயிற்று.

"யாரு?"

"கேக்கக் கூடாது" என்றாள் அகிலா.

"கேக்கல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"அதுக்குப் பேருதாங்க கேக்கறது."

"சரி, எதுக்குன்னாவது சொல்லலாம்ல? கழுத்தை அறுத்ததா, சாராயமா, நிழலரா? மூணு வருஷ உழைப்பு. எதுன்னு தெரியாம எதை நான் திருத்த?"

டீ ஆறுவதற்குள் ஆளாளுக்கு ஊகித்து, இருந்த ஒரே ஒரு விதியை நாலு பேரும் மீறிவிட்டார்கள். யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 10, திங்கள்

வாட்ஸ்அப்பில் ஒரே சண்டை. சாம்பார் இறக்குவதற்குள் போன் சூடாகிவிட்டது. வைத்தி: "எல்லாத்தையும் எடுத்துட்டா பாயசத்தைத்தான் விளையாடணும்." டார்வின்: "யார் வலியை யார் விளையாடுறாங்கங்கறதுதான் கேள்வி." அகிலா: "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?" வைத்தியும் அகிலாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு எடுக்கும்போது பையில் ஐந்து மணிகள், ஒன்று சிவப்பு என்றுதான் தொடங்குவேன். ஐந்தில் ஒன்று என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். வெளியே நின்று பார்ப்பவனுக்குத்தான் அது ஐந்தில் ஒன்று. தன் கையில் இருந்தது என்ன என்று தெரிந்தவருக்கு நிகழ்தகவு எதற்கு?

துணி மடிக்கும்போது சுருக்குப்பை கையில் பட்டது. கவிழ்த்தேன். சோழி மட்டும் விழுந்தது. எடுத்து உள்ளே போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டி, பீரோவில் வைத்தேன்.

ஜூன் 12, புதன்

ஷர்மிளாவிடம் பல்லுக்குப் போனேன். வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் மனதைக் கொட்டலாம், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்பது பல் டாக்டர்களுக்கு வசதி.

"வைத்தி தனியா மெசேஜ் பண்றான் டீச்சர். 'அந்த சாராயப்பாட்டு உங்க மார்க்கத்துக்கு ஒத்துவரலைன்னா நேராவே சொல்லியிருக்கலாமே'ங்கறான். நான் அதுக்குத் தாளம் போட்டவ! ஒரு ரூம்ல யாருக்கோ மனசு நோகுதுன்னா அது பானுவாத்தான் இருக்கணுமா? எனக்குன்னு கோட்டா ஒதுக்கி வச்சிருக்காங்களா? கொஞ்சம் பெருசா தொறங்க."

திறந்தேன்.

"யாரோ போட்டாங்க. அவங்களுக்கு ஏதோ இருக்கும். அதுக்குத்தானே பானை. கொப்பளிங்க."

கொப்பளித்தேன். பில் போடும்போது என் முகத்தைக் கொஞ்சம் நேரம் பார்த்தாள். ஊசி மருந்து இறங்கும்வரை சூடாக எதுவும் குடிக்க வேண்டாம் என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

ஆட்டம் இல்லை. விவாதம் மட்டும்.

வைத்தியின் வாதத்தை நியாயமாகவே எழுதுகிறேன். கதை என்றால் கொடுமை இருக்கும். அரக்கன் இல்லாத கதையில் வீரனுக்கு வேலை என்ன? நிழலரை அவன் இழிவுபடுத்தவில்லை. இப்படி ஒரு ஜனம் இருந்தது என்று இந்த விளையாட்டால்தானே நாலு பேருக்குத் தெரிகிறது? தவிர, எல்லோரும் நிழலராக ஆசைப்படுகிறார்கள், அகிலாவே சாட்சி.

டார்வின் எழுந்து நின்றுகொண்டார். வகுப்பு எடுக்கிறவர்களுக்கு உட்கார்ந்து பேச வராது, எனக்குத் தெரியும். பிரதிநிதித்துவம், அதிகாரம், பார்வை. ஒவ்வொரு சொல்லும் சரியான சொல். முழுவதையும் கேட்டால் மழையில் நனைந்த கோணிமூட்டையைத் தூக்குவது போல இருந்தது.

"காவலாளி கழுத்தை அறுத்தீங்களே, அவன் பொண்டாட்டிக்கு யாராவது மணி போட்டீங்களா?" என்றாள் ஷர்மிளா.

"அது வேற!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். இன்று அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு இடத்தில்தான்.

வைத்திக்குப் பொறுமை போய்விட்டது. "ஒண்ணு பண்ணலாம். அவங்கவங்க பையைக் கவிழ்க்கலாம். யார்கிட்ட மணி இல்லையோ அவங்க பேசட்டும். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

என் பை மடியில் இருந்தது. கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டேன். தளர்ந்திருந்தது போலத் தோன்றியது.

"வேண்டாம் வைத்தி" என்றார் டார்வின். "நான்தான் போட்டேன். நிழலர் விஷயத்துக்காக. என் பை வீட்ல இருக்கு."

வைத்தி மூச்சு விட்டான். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்று சமாதானமாகிவிட்டான். டார்வின்தான் என்றால் அவனுக்குப் புரிகிறது. டார்வின் எதற்கும் எதிர்ப்பு தெரிவிப்பவர்.

டார்வின் சொன்னது பொய். உனக்கு எப்படித் தெரியும் என்றால், முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பையன் ஜன்னலை உடைப்பான், இன்னொரு பையன் நான்தான் உடைத்தேன் என்று பெருமைக்குக் கையைத் தூக்குவான். வீட்டுக்கு வந்து ஓமத்தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 17, திங்கள்

மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான். விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். நிழலர் என்றதும் இடைமறித்தான்.

"அம்மா, பேசாம கீழ இறங்கி வந்துடு. உனக்கு எதுக்கு இது? நாளைக்கு வீட்டைக் காலி பண்ணுன்னா அறுபத்தி மூணு வயசுல வேற வீடு யார் பாக்கறது? போற எடத்துல எல்லாம் அதே கேள்விக்கு யார் பதில் சொல்றது?"

அவன் சொல்லும் கேள்வி இது. நாங்கள் வீடு பார்க்க வந்த அன்று வைத்தியின் அம்மா காபி கொடுத்துவிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்றார். என் கணவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருமே வாத்தியார். வாத்தியார் ஆளுங்க" என்றார். அந்தச் சிரிப்பில் இத்தனை வருடம் குடியிருந்தாயிற்று.

கணக்கு புரியாத பிள்ளைக்கு உதாரணம் சொல்லித்தான் விளக்க வேண்டும்.

அ என்று ஒரு பெண். ஊரில் வண்ணார்கூட வெளுத்துத் தர மறுத்தவர்களுக்கு வெளுத்துப் போடுகிறவள். அவளுக்குக் கீழே யாரும் இல்லை. விடிவதற்கு முன் மூட்டையோடு தெருவுக்குள் வந்துவிட்டுப் போக வேண்டும். என்றைக்காவது வெளிச்சம் வந்துவிட்டால் தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு வருவாள். முதல் சொல்லை இழுத்து, கடைசியில் குரலை இறக்கி. அ-வுக்கு க என்று ஒரு மகள். சின்ன மூட்டை க-வின் தலையில். கதவுகள் சாத்தப்படும் ஓசையை வைத்தே எத்தனையாவது வீடு என்று எண்ணிக் க கூட்டல் கற்றுக்கொண்டாள். பிறகு அ-வின் கணவனுக்கு டவுனில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. க பள்ளிக்கூடம் போனாள். கணக்கு வாத்தியார் ஆனாள்.

எனில், க எந்தத் தெருவில் எந்த வீட்டில் குடியிருக்கலாம்?

விடை எழுத இடம் விடப்பட்டுள்ளது.

ஜூன் 21, வெள்ளி

புளி ஆய்ந்தேன். முதுகு வலி.

ஜூன் 23, ஞாயிறு

டார்வினும் வைத்தியும் உட்கார்ந்து நிழலரைத் திருத்தி எழுதிவிட்டார்கள். புதிய விதி: நிழலர் இனி புனிதர்கள். ஆதியில் தெய்வத்தின் ஆடையை வெளுத்தவர்கள். அவர்களைப் பகலில் கண்டால் அருள்புள்ளி ஒன்று கூடும். ஒளிதல் கூட்டல் நாலு அப்படியே இருக்கும். அருள் வாங்க வருகிறவர்களிடமிருந்து ஒளிவதற்காம்.

"இப்ப எப்படி டீச்சர்?" என்றார் டார்வின்.

"அங்காயி யார்கூட உக்காந்து சாப்பிடுவா?" என்றேன்.

புத்தகத்தைப் புரட்டினார்கள். "அவங்க தனியா ஒரு கோயில்ல இருப்பாங்க" என்றான் வைத்தி.

முதலில் பார்க்கவே கூடாது என்றார்கள். இப்போது பார்த்துக் கும்பிடலாம் என்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவதற்கு மட்டும் இரண்டு பதிப்பிலும் விதி இல்லை. இதை அங்கேயே சொல்லியிருப்பேன். அதற்குள் டார்வின் அன்போடு என் பக்கம் திரும்பி, "உங்க தலைமுறைக்கு இது கொஞ்சம் கஷ்டம் டீச்சர். இந்த வலியெல்லாம் உள்ள இருந்து பார்த்தாத்தான் புரியும்" என்றார்.

தலையை ஆட்டினேன். வேறு எதை ஆட்ட?

இன்னொன்று. பானையை எடுத்துவிட்டார்கள். "ஒளிஞ்சு மணி போடறதெல்லாம் வேண்டாம். நாம என்ன சின்னப்பிள்ளைங்களா? எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லிக்கலாம்" என்றான் வைத்தி. அகிலா பானையைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தாள். ஷர்மிளா பல்லைக் கடித்தாள். பல் டாக்டர் செய்யக் கூடாத காரியம்.

ஜூன் 26, புதன்

சாயங்காலம் வைத்தி கிண்ணத்தில் பலாச்சுளையோடு இறங்கி வந்தான். நல்ல பையன். என் கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ராத்திரியெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்தவன். அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது. யாரோ ஒருவன் என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன்.

"டீச்சர், அந்தப் புனிதர் விஷயம் எனக்கே ஒட்டல. நிழலரையே மொத்தமா எடுத்துட்டேன். தலைவலி விட்டுது. நீங்க ஞாயித்துக்கிழமை புதுசா ஒரு இனம் உருட்டிக்கங்க."

"அங்காயி?"

"அவ இல்ல டீச்சர்."

"செத்துட்டாளா?"

"இல்ல. புக்குலயே கிடையாது. இருந்ததே இல்லன்னு வச்சுக்கங்க."

பலாச்சுளை இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எல்லோரும் வந்திருந்தார்கள். வைத்தியின் அம்மா உள்ளறையில் கதவைத் திறந்துவைத்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தி பகடையை என் பக்கம் தள்ளினான். "உருட்டுங்க டீச்சர். புது ஆள்."

"எனக்குப் பழைய ஆளே போதும் தம்பி" என்றேன். சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தேன். சோழி விழுந்து கொஞ்சம் ஆடி நின்றது. பையை உதறியும் காட்டினேன்.

அகிலாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "டீச்சர்... நீங்களா?"

வைத்தி டார்வினைப் பார்த்தான். "அப்ப நீங்க?"

"பையைக் கவிழ்க்கச் சொன்னீங்க" என்றார் டார்வின். "யாரோ ஒருத்தர் மாட்டிக்குவாங்களேன்னு பட்டுச்சு. அதான்." பெருமைக்குக் கை தூக்கிய பையன் என்று எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை, தப்பும் கணக்கில் இருக்கட்டும்.

"உங்களுக்கு இதுல என்ன டீச்சர்..." என்று தொடங்கி வைத்தி நிறுத்திக்கொண்டான்.

"அங்காயி எங்கம்மா பேரு. அன்னைக்கு நான் கூவினது நடிப்பு இல்ல தம்பி. எங்கம்மா கூவினது. பின்னாடி சின்ன மூட்டையோட நான் நடந்திருக்கேன். பழைய காலம்னு சொன்னீங்களே, அந்தக் காலம் இந்த வீட்டுக் கீழ்ப்பகுதியில குடியிருக்கு."

உள்ளறையில் சீரியல் சத்தம் குறைந்தது.

அகிலா பகடையைப் பார்த்தாள். டார்வின் ஜன்னலைப் பார்த்தார். வைத்தி தன் மடியைப் பார்த்தான். ஷர்மிளா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசத் தொடங்கிவிட்டால் வாத்தியாருக்கு நிறுத்தத் தெரியாது.

"கதையில கொடுமை இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. இருக்கட்டும். உங்க கணக்கு தப்பு, அதுதான் எனக்குத் தாங்கல. அவ தெருவுல வந்தா புள்ளி யாருக்குக் குறையுது? பார்த்தவனுக்கு. அப்ப நஷ்டம் அவனுக்கு. அவளுக்கு என்ன? கூட்டல் நாலு. ஏதோ வரம் வாங்கிட்டு வந்தவ மாதிரி. ஒரு பிள்ளையைப் பெஞ்சு மேல ஏத்தி வருஷம் பூரா நிக்க வச்சுட்டு, 'பாரு, இவளுக்குக் கால் எவ்வளவு உறுதி'ன்னு பரிசு குடுப்பாங்களா? ஒளியறது திறமை இல்ல தம்பி. ஒளிய வச்சாங்க."

"அதான் டீச்சர் எடுத்துட்டேன்" என்றான் வைத்தி, மடியிடம்.

"ஏன் எடுத்தீங்க? எங்கம்மா இருந்தாங்க. சாமியாக்கவும் வேண்டாம். அந்தக் கூட்டல் நாலை எடுங்க, தூய்மைப் புள்ளியை எடுங்க. அவ பகல்ல நடந்து வரட்டும். யாரு கண்ணை மூடறாங்களோ, முகத்தைத் திருப்பறாங்களோ, அவங்களுக்குக் கழித்தல் நாலு. கண்ணை மூடிக்கிட்டு நடந்தா எவனும் தடுக்கித்தான் விழுவான். இதுக்கு மந்திரம் எதுவும் வேண்டாம்."

"அப்படின்னா," என்றாள் ஷர்மிளா, மேசையைச் சுற்றி விரலைக் காட்டி, "இப்பவே இங்க மூணு பேருக்குக் கழித்தல் நாலு."

அகிலாதான் முதலில் நிமிர்ந்தாள். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு முகம். நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டுக்கொண்டாள். டார்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். வைத்திக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"கூவணுமா டீச்சர்?" என்றான், நேராகப் பார்த்து.

"வேண்டாம். சும்மா நடந்து போறா."

உருட்டினேன். பதினொன்று. கூட்ட எதுவும் இல்லை. போதுமா என்று கேட்டேன். வைத்தி புத்தகத்தைத் திறக்கவில்லை.

"தலைவர் பொண்டாட்டி கண்ணை மூடிக்கிட்டா. வாசப்படி தடுக்கிருச்சு. இடுப்புல இருந்த சாவிக்கொத்து தெருவுல விழுந்துச்சு." என் பக்கம் கையைக் காட்டினான். "உங்க கால்கிட்ட."

எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வைத்தியின் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்றைக்கும் என்னைக் கண்டால் "டீச்சர், மோட்டார்" என்பார். இன்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு முகத்தைத் துளசிமாடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த கோலமாவு போட்ட புள்ளியின் மேலேயே கொட்டியது.

கழித்தல் நாலு.

காலி செய்யச் சொன்னால் அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம். மோட்டாரைப் போட்டேன். இன்று உறுமவில்லை, எடுத்தவுடன் தண்ணீர் ஏறியது. மேல் தொட்டி நிறையும்வரை வீட்டுக்குள் போகாமல் வாசல் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.